கால் கட்டைவிரல்

மாதிரித் தேர்வு எழுதிவிட்டு வந்து மதியம் கண்ணயர்ந்த பனிமலரின் நெஞ்சின் மேல் அது மறுபடியும் ஏறி உட்கார்ந்தது. கண் திறந்திருந்தது, கை கால் அசையவில்லை. நீட் கோச்சிங் விடுதிக்கு வந்த நாளிலிருந்தே இப்படித்தான். "முழிச்சபடி அசையாம கெடந்தேன்னா கால் கட்டைவிரலைப் பிடிச்சு இழுடி, விட்டுடும்" என்று அறைத்தோழி ஜெசிந்தாவிடம் சொல்லிவைத்திருந்தாள். "அமுக்குவான் பேய் நம்ம சிலபஸ்லயே இல்லையே" என்று சிரித்தாலும், ஜெசிந்தா இதுவரை நாலு தடவை இழுத்துக் காப்பாற்றியிருக்கிறாள். வகுப்பு மணி அடித்தது. எதிர்க் கட்டிலில் ஜெசிந்தா எழவில்லை. ஒருக்களித்துப் படுத்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமை அசையவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் மட்டும் மூக்கைத் தாண்டி இறங்கியது. அய்யோ, இவளுக்குமா? பனிமலருக்குத் தன் நெஞ்சுப் பாரம் மறந்துபோனது. அந்தக் கட்டிலின் கால்மாட்டுக்குக் கையை நீட்டப் பார்த்தாள்.