மாப்பிள்ளைக்கு வேலை இல்லை

"இது நெசமான கல்யாணம்தான்னு மொதல்ல அந்த ஆபீஸர் நம்பணும்மா. நம்பலேன்னா நீங்க தலைகீழா நின்னாலும் விசா கிடைக்காது" என்றார் நடராசன்.

எதிரே ஷமீரா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் வாப்பா சேக் தாவூது. நாகூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் தஞ்சாவூருக்கு, நடராசனின் விசா ஆபீஸைத் தேடி வந்தவர்கள்.

"நெசமான கல்யாணம்தான் சார். அவங்க பேரு ஃபாஜில். மலேசியா சிட்டிசன். நிக்காஹ் ஆகி எட்டு மாசம் ஆச்சு, இருபது நாள்தான் ஒண்ணா இருந்தோம். ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள நானும் அவங்களும் புள்ளைங்க ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கணும். சின்னவன் தினம் எப்ப எப்பன்னு கேட்டு அழுவுறான்."

"முன்னாடி ஏதாவது அப்ளை பண்ணீங்களா?"

"அங்கேயே ஒருத்தர்கிட்ட குடுத்துப் போட்டாங்க. பேப்பர் போதலேன்னு திரும்பிடுச்சு."

"அப்ப இந்தத் தடவை தப்பவே கூடாது."

நடராசன் இருபது வருஷமாக ஆட்களை விமானம் ஏற்றுகிறவர். பாதிக் கதையைக் கேட்டாலே மீதி தனக்குத் தெரிந்துவிடும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அதனால் யாரையும் முழுசாகப் பேச விடமாட்டார். கேள்விகளைக் கேட்டுக் கேட்டே ஃபாரத்தை எழுதுவார்; வந்தவர்களின் ஃபைலைக் கடைசியில்தான் புரட்டுவார்.

"புள்ளைங்களுக்கு என்ன வயசும்மா?"

"மர்யமுக்கு எட்டு. சின்னவனுக்கு ஆறு."

கல்யாணமாகி எட்டு மாசம், பெண்ணுக்கு எட்டு வயசு. மறுமணம் என்று நடராசன் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அதைக் கிளறி அந்தப் பெண்ணைப் புண்படுத்த அவருக்கு இஷ்டமில்லை.

"பெத்த அப்பா சம்மதம் எழுதிக் குடுத்தாச்சா?"

"குடுத்துட்டாங்க சார். கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு."

"நல்ல மனுஷன்! பெத்த புள்ளைங்களைக் கடல் தாண்டி அனுப்ப யாருக்கு மனசு வரும்?"

"அனுப்புறதுன்னு இல்ல சார், அவங்களும்..."

"சரி, வீடு?" நடராசன் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார்.

ஷமீரா ஃபைலிலிருந்து வீட்டு வரி ரசீதை எடுத்து நீட்டினாள். நடராசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்க ஊர் வீடாச்சே? அங்க உள்ள வீட்டைச் சொல்லும்மா."

"அங்க வாடகை வீடு சார். அதையும் இந்த மாசத்தோட காலி பண்ணுறாங்க."

நடராசனின் பேனா நின்றது. "அப்புறம் எங்க தங்குறது?"

"வீடெல்லாம் ரெடி சார்" என்றார் சேக் தாவூது பெருமையாக. "மாடியில புதுசா ரெண்டு ரூம் போட்டாச்சு. எல்லாம் நான் சவூதியில சம்பாதிச்சது."

மருமகனின் வீட்டுக்கு மாமனார் மாடி கட்டிக் கொடுத்திருக்கிறாரா? நடராசனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"வேலையை விட்டுட்டாங்க சார்."

"என்னது, விட்டுட்டாரா!"

"போன வாரம்தான் எழுதிக் குடுத்தாங்க. ஆனா எனக்கு வேலை இருக்கு. டீச்சர். சம்பளச் சீட்டு கொண்டாந்திருக்கேன்."

"அது இங்க பார்க்கிற வேலைம்மா! அதை வச்சு நான் என்ன பண்றது?"

"ஏன் சார், அது போதாதா?" ஷமீரா குழம்பிப்போய் வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா நடராசனைப் பார்த்தார். நடராசன் பாதி எழுதிய ஃபாரத்தைப் பார்த்தார்.

இப்படிப்பட்ட மாப்பிள்ளைகளை அவர் அறிவார். பெண் போய் இறங்கும்போது வீடு பூட்டியிருக்கும், போன் வேலை செய்யாது. போன வருஷம் பாபநாசத்துப் பெண் ஒருத்தி போன பத்தாம் நாளே அழுதுகொண்டு திரும்பி வந்தாள். அவளுக்கு விசா வாங்கிக் கொடுத்தவர் இதே நடராசன்தான். அந்த உறுத்தலில் பல நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"பாய், உங்க ஃபீஸே எனக்கு வேண்டாம். என் கூடப் பொறந்தவருக்குச் சொல்ற மாதிரி சொல்றேன், கேளுங்க. வேலையை விட்டுட்டு, வீட்டையும் காலி பண்ணிட்டு நிக்கிற ஆளு அவரு. கிளியை வளர்த்துப் பூனை கையில குடுத்துடாதீங்க. இந்தப் பொண்ணையும் ரெண்டு புள்ளைங்களையும் கண்காணாத தேசத்துக்கு அனுப்பிட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா யாரைப் போய்க் கேப்பீங்க?"

சேக் தாவூது அவரை விநோதமாகப் பார்த்தார்.

"எம் பொண்ணை யாரு சார் அனுப்பப் போறா? எங்க பக்கமெல்லாம் கல்யாணமானா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டோட வந்து இருக்கணும். மலேசியாக்காரரா இருந்தா மட்டும் வழக்கம் மாறிடுமா?"

ஷமீரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவங்க மொத சம்சாரம் மவுத்தாகி மூணு வருஷம் ஆச்சு, தாயில்லாப் புள்ளைங்க சார், அவங்க மூணு பேரும் இங்க எங்ககிட்ட வந்து சேர்றதுக்குத்தான் இந்தியா விசா கேக்குறோம்!"