முனியாண்டி கோயிலில் ஒரு துப்பாக்கி

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அங்கிள். நேத்து கோயில்ல இருந்த துப்பாக்கி ரிவால்வரா, பிஸ்டலா?”

இன்ஸ்பெக்டர் வாசுகி மேசைமேல் இரண்டு படங்களை வைத்தார். வீரமுத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்நாளில் அவர் கையாண்ட ஒரே ஆயுதம் தோட்டத்தில் செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள். அதையும் ஒருநாள் தன் காலிலேயே போட்டுக்கொண்டு, அந்த வேலையை விட்டுத்தான் பஸ் ஓட்டப் போனார்.

நேற்று அதிகாலை நடந்தது என்னவோ சின்ன விஷயம். ரெங்கம் டவுனுக்குப் போகும் வழியில், செம்பனைக் காட்டோரம் இருக்கும் முனியாண்டி கோயிலுக்கு விளக்கேற்றப் போனார். மகன் ரூபேந்திரன் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த நீளமான கறுப்பு லைட்டரை நீட்டி, விசையை இழுத்தார். ‘டக்’ என்றது. கேஸ் தீர்ந்துபோய் நெருப்பு வரவில்லை. ஆனால் உண்டியலருகே குனிந்திருந்த ஓர் உருவம் வீறிட்டு அலறி, வேலியைத் தாண்டி ஓட்டம் பிடித்தது. ஏன் அப்படி அலறினான் என்பது முனியாண்டிக்கே வெளிச்சம். வீரமுத்து கண்டது அவன் முதுகை மட்டும்தான்.

வெறும் முதுகை வைத்துக்கொண்டு கோப்பிக் கடையில் என்ன கதை சொல்வது? முதல் வாய் கோப்பிக்குத் திருடன் கையில் கத்தி முளைத்தது. ரொட்டி சானாய் வருவதற்குள் அது காடு வெட்டும் பாராங்கத்தியாக வளர்ந்தது. தட்டு காலியானபோது துப்பாக்கியாகி, எட்டு முறை வெடித்தும்விட்டது.

மதியம் கோயில் தலைவர் சபாபதியே வீடு தேடி வந்தார். துப்பாக்கித் திருடனை விரட்டியதற்காக ஞாயிற்றுக்கிழமை பூசையில் வீரமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்துவதாகக் கமிட்டி முடிவு செய்திருக்கிறதாம். காலமெல்லாம் ஊரைச் சுமந்து பஸ் ஓட்டியும் ஒரு துண்டுகூட விழாத தோள் அது. மனைவி கஸ்தூரி அன்று குழம்பிலிருந்த மீன் தலையை அவர் தட்டில் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தலை அவள் அண்ணன் வந்தால்தான் சட்டியை விட்டு வெளியே வரும்.

இன்று காலை போலீஸ் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். சபாபதியும் கூடவே வந்தார், பாதி மரியாதைக்கு, மீதி சந்தேகத்துக்கு. இங்கே உளறினால் பொன்னாடையும் போச்சு, மீன் தலையும் போச்சு.

“ரிவால்வர்தாம்மா,” என்றார் வீரமுத்து. நடுவில் தன்னைப்போலவே தொப்பை வைத்திருந்த அந்தப் படம் அவருக்குப் பிடித்துவிட்டது.

எத்தனை முறை வெடித்தது என்று வாசுகி கேட்டார். எட்டு என்றார். கடையில் சொன்ன கணக்கை இங்கே குறைக்க முடியுமா?

“இந்த ரிவால்வர்ல ஆறு தோட்டாதான் போகும் அங்கிள்.”

சபாபதி தொண்டையைச் செருமினார். இன்னும் போர்த்தாத பொன்னாடை தோளிலிருந்து சரிவது வீரமுத்துவுக்குத் தெரிந்தது.

“அப்போ பிஸ்டல்தான் லா. நல்லா விடியல பாருங்க.”

“பிஸ்டல்னா ஒவ்வொரு தடவையும் தோட்டா ஓடு வெளியில தெறிச்சு விழும். ரிவால்வர் மாதிரி உள்ளயே இருக்காது. கீழ எதுவும் கிடக்கலையே?”

வீரமுத்து அசரவில்லை. “கிடந்துச்சும்மா. சாமி சன்னதியில குப்பை கிடக்கலாமா? நாந்தான் கூட்டி ஆத்துல கொட்டினேன்.”

வாசுகி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை வியப்பு என்று வீரமுத்து எடுத்துக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, வாசுகியின் பேனா ஓடிய வேகத்துக்கு அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. அந்தத் துப்பாக்கியைக் கையில் பிடித்தீர்களா என்று அடுத்த கேள்வி வந்தது.

“புடிக்காம? இந்தக் கையாலதான்.” வலக்கையை மேசைமேல் வைத்தார். முழுக் கோழி கனம் இருந்ததென்றார். குழாய்ச் சூட்டில் தோசையே சுடலாம் என்றார்.

திருடன் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு ஓடிய கட்டத்துக்கு வருவதற்குள் சபாபதி அவர் கையைப் பற்றிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“நான் நம்பலண்ணே. மன்னிச்சிடுங்க. பொன்னாடையோட ரோசா மாலையும் போட்டுடுறோம்.”

ரோசா மாலை! வீரமுத்து அந்தக் கட்டத்தை அப்படியே விழுங்கிவிட்டார். துப்பாக்கியைப் பறித்தவன் என்பதே கேட்க நன்றாக இருந்தது.

வாசுகி பேனாவை மூடினார். வாசலில் நின்ற காவலரிடம் கதவைச் சாத்தச் சொன்னார்.

“நீங்க சொல்றதும் அவன் சொல்றதும் ஒத்துப்போகுது அங்கிள்.”

“அவனா? திருடனைப் புடிச்சிட்டீங்களாம்மா?”

“நாங்க எங்க புடிச்சோம்? நேத்து விடியக்காலை அவனே ஓடியாந்து லாக்கப்ல உக்காந்துக்கிட்டான், வெளிய போகச் சொன்னா அழுவுறான். அவன் கையில இருந்தது ஒரு கம்பிதானாம், கோயில் தாத்தாதான் கறுப்பா ஒரு துப்பாக்கிய நீட்டி விசையை இழுத்தாராம்,” என்ற வாசுகி, மேசைமேல் இருந்த அந்த வலக்கையில் விலங்கை மாட்டிவிட்டுக் கேட்டார்: “லைசன்ஸ் இல்லாத அந்தப் பிஸ்டலை இப்போ எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”