மருந்துக்குக் கேட்காத நோ

"டோஸைக் கூட்டுங்கோ மிஸ். இந்த மருந்துக்கு அவளின்ர நோ கேக்குதில்லை."

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி டிலோஜினி கதிரையில் உட்காருவதற்குள், சூசைநாதன் இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்துவிட்டான். கட்டிலில் அவன் மனைவி ஜெசிந்தா கண்களை மூடிக் கிடந்தாள். புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது. இனி நோவைத்தான் குறைக்கலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"எப்ப நோகுது?"

"சில நாளில ஒண்டுமில்லை. சில நாளில நான் கடலுக்கு வெளிக்கிட்டா வீடதிரக் கத்துறாள். நேற்றும் தள்ளின வள்ளத்தை விட்டிட்டு ஓடி வந்தனான்."

காற்றில் ஜன்னல் படாரென்று அடித்தது. அதைக் கட்டுவதற்குக் கயிறு எடுக்க அவன் வெளியே ஓடினான்.

டிலோஜினி மருந்துப் போத்தலைத் திறந்தாள். ஜெசிந்தா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

"கூட்டாதேங்கோ மிஸ். முதல் போத்தலோடயே நோ அடங்கீட்டுது."

"பிறகேன் கத்துறியள்?"

"கச்சான் காத்து எழும்பினா கடல் பொல்லாதது. போகாதேங்கோ எண்டு சொன்னா அந்தாள் கேக்காது. நான் கத்தினாத்தான் வீட்டில நிக்கும். பிள்ளையளுக்கு ஒராளாவது மிஞ்சோணும், மிஸ்."

சூசைநாதன் கயிறோடு உள்ளே வந்தான். "கூட்டினீங்களோ?"

டிலோஜினி போத்தலை இறுக்கி மூடினாள்.

"இது மருந்துக்குக் கேக்காத நோ. கச்சான் அடிக்கிற நாளிலதான் கூடும். அந்த நாளில இவவின்ர பக்கத்தை விட்டு அசையாதேங்கோ."

ஜன்னல் மறுபடியும் அடித்தது. கட்டிலில் ஜெசிந்தா மெல்ல முனகத் தொடங்கினாள்.