கத்தரிக் கொல்லையில் ஒரு படம்

"டீச்சர், உங்க படத்துக்கு வேலை கெடைச்சாச்சு! சிட்டம்மா கொல்லையில காக்கா ஓட்டிக்கினு கீது."

தாயாரம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடை பெஞ்சிலிருந்து பஞ்சாட்சரம் சொன்னார். கடையே சிரித்தது.

அவள் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகக் கொல்லைப் பக்கம் நடந்தாள்.

உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் டிராயிங் டீச்சர். திருப்புலிவனத்தில் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தாள். பள்ளி விட்டு வந்தால் பேச ஆள் கிடையாது. பால்காரரிடம் "நாளைக்கு வேணாம்" என்று சொல்வதே அவளுக்குப் பெரிய பேச்சு.

பொழுது விடிந்தால் ஏரிக்கரை. பேப்பர், பென்சில் எதுவும் எடுத்துப்போக மாட்டாள். சும்மா உட்கார்ந்து தண்ணீரையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்து, கண்ணில் மிச்சம் நிற்கிற நிறத்தை மட்டும் அட்டையில் பூசுவாள். உருவம் என்று ஒன்றும் இருக்காது.

"ஏரின்னு சொல்றீங்களே, இதுல ஏரி எங்க கீது?" என்று ஊரில் கேட்டார்கள்.

"பசங்களுக்கு மயில், மாம்பழம் வரையச் சொல்லிக் குடுங்க, போதும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

எழுபத்தாறாம் வருஷம் மெட்ராசில் ஒரு கண்காட்சியில் வைத்துப் பார்த்தாள். வந்தவர்கள் படத்துக்குக் கீழே இருந்த பெயரைப் படித்தார்கள், அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். ஒருவராவது நின்று பார்க்க வேண்டுமே!

இத்தோடு விட்டுவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் சிட்டம்மாள் வந்தாள். குத்தகை நிலத்தில் கத்தரி போட்டிருப்பவள். காய் கொடுக்க வந்தவள், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"அந்தப் பெரிய படத்த எனக்குக் குடும்மா."

முதல் தடவையாக ஒருத்தி வாய் திறந்து கேட்டுவிட்டாள்! ஐப்பசி மழை ஏரிமேல் நடந்து வருவதை மாதக்கணக்கில் பூசிப் பூசி முடித்த படம் அது. இருப்பதிலேயே நல்லது. தாயாரம்மாள் யோசிக்காமல் தூக்கிக் கொடுத்தாள். அன்றைக்குச் சோறுகூட ருசியாக இருந்தது.

அந்தப் படம்தான் இப்போது காக்கா ஓட்டுகிறதாம்.

உண்மைதான். கொல்லை நடுவில் ஒரு கழி நட்டு, அதில் படத்தைக் கட்டியிருந்தார்கள். இவ்வளவுதான் நம் லட்சணம், இனிமேல் பிரஷ்ஷைத் தொட்டால் ஏன் என்று கேள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"சிட்டம்மா!"

காய் பறித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "இன்னாம்மா, இம்மாந் தூரம்?"

"பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்திருக்கலாமே. காக்கா விரட்டவா கேட்டு வாங்கினே?"

"காக்காவா? கத்திரிக்காய எந்தக் காக்காம்மா துன்னுது?"

"பின்னே எதுக்கு இதை வெயில்லயும் மழையிலயும் காயப்போட்டிருக்கே?"

"மழயிலயா? தூத்தல் வுழுந்தா ஓடியாந்து அவுத்துக்கினு போயிருவேன். எங்க வூட்ல ஒழுவாத எடம் ஒண்ணுதான் கீது. அங்க அத வெச்சிட்டு நாங்க இந்தாண்ட ஒதுங்கிக்குவோம்."

தாயாரம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவ்வளவு பத்திரமா வச்சுக்கிறவ, ஏன் கொல்லையில கொண்டாந்து கட்டுறே?"

"திஷ்டிக்கும்மா."

கரி பூசிய சட்டி, கிழிந்த செருப்பு, அந்த வரிசையில் நம் படமா? அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?"

"அய்ய! அசிங்கம்தான் வோணும்னா சட்டி பத்தாதா? போன வருசம் சட்டிதான் கட்னேன். வெள்ளப் புள்ளி வெச்சி, கோரப்பல்லுகூடப் போட்டேன். அத எவன் பாக்குறான்? வழியில போறவன் அத்தினி பேரும் காயத்தான் பாத்தான். 'இன்னாமா காச்சிக்கீது'ன்னு ஒருத்தன் சொல்லிட்டுப் போனான் பாரு, பூவெல்லாம் கொட்டிப்போச்சி. ஒரு கூடை காய் தேறல."

சிட்டம்மாள் முந்தானையால் படத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"உன் வூட்டாண்ட வந்தப்போ வந்த வேலய மறந்துட்டு நானே நின்னுட்டேன். அப்பதான் தோணிச்சி. இத கட்னதுலருந்து வண்டிக்காரன் மாட்ட நிறுத்திட்டுப் பாக்குறான். கள எடுக்கப் போற பொம்பளைங்க கூடையோட நின்னுக்கினு பாக்குறாங்க. இன்னா ஏதுன்னு ஒருத்தருக்கும் புரியல. ஆனா நவுரவும் மாட்டேங்குறாங்க. காய எவனும் கண்டுக்கல."

தாயாரம்மாள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் வந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

சிட்டம்மாள் பயந்துபோனாள்.

"கோச்சிக்காதம்மா. கேக்காம கட்னது தப்புதான். வோணும்னா இப்பவே எடுத்துக்கினு போ. ஆனா சீக்கிரமா வேற ஒண்ணு வரைஞ்சி குட்த்துடும்மா. ஊரு கண்ண மொத்தமா இஸ்துக்க, உன்னுத வுட்டா இங்க வேற இன்னா கீது?"