ஐந்து துண்டுக் கபன்

உம்மு ஹபீபா தன் மவுத்துக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். சாவு வருவது ஒன்றுதான் பாக்கி.

"மூச்சு இழுத்துச்சுன்னா ராம்நாடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடக் கூடாது. குழாயெல்லாம் சொருக விடக் கூடாது. மேற்க கிப்லாவப் பாத்துப் படுக்க வச்சு, வாயில தண்ணி விட்டு, யாசீன் ஓதுங்க. போதும்" என்று மகள் நஸீராவிடம் சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தும் கேட்டுக்கொண்டாள்.

போர்த்தி அடக்கம் செய்யும் கபன் துணியையும் தானே வெட்டி வைத்திருந்தாள். ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து. ஐந்தையும் டிரங்குப் பெட்டியில் பூட்டி, வெள்ளிக்கிழமைதோறும் எடுத்து வெயிலில் போடுவாள்.

அவளால் ஏற்பாடு செய்ய முடியாமல் போனது கணவர் சதக்குக்குத்தான். பச்சை பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கொழும்புத் தோணி ஏறியவர், தோணியோடு மூழ்கி ஒன்பது வருடமாயிற்று. உடல் கரை ஒதுங்கவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை, இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு துண்டுதான் ஈரத்தோடு இருந்தது. அவற்றின் மேல், ஒழுங்காகச் சுருட்டிய பச்சை பெல்ட்.

"உம்மா, இது அத்தா பெல்ட்டுல்ல?" நஸீரா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஆமா. மூணுதானே எடுத்துருக்காக, சரியாத்தான் எடுத்துருக்காக. நீ போயி எனக்கு மூணு துண்டுக்குத் துணி வாங்கிட்டு வா."

இரண்டு துண்டுகளையும் பெல்ட்டையும் கொடியில் போட்டாள். துண்டுகள் மதியம் ஜும்ஆ பாங்குக்குள் காய்ந்துவிட்டன. மாலை அஸர் பாங்கு சொல்லி முடித்த பிறகும் பெல்ட்டிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.