ரூட்டருக்கு வைத்த பொட்டு

கொக்குவில் வீட்டுக்கு இன்டர்நெட் பூட்ட வந்தவர் ரூட்டரைச் சுவரில் உயரமாகப் பொருத்திவிட்டுப் போனார். கஜந்தினிக்குக் கொழும்புக் கொம்பனியில் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. முதல் மாதம் லைன் அடிக்கடி விழுந்தால் வேலை போய்விடும். அம்மா ஞானாம்பிகை கதிரையில் ஏறி ரூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். பிறகு கதிரையை ஈரத்துணியால் துடைத்து, சாப்பாட்டு மேசையடியில் திரும்ப வைத்தார்.

லைன் ஒருநாளும் விழவில்லை. வேலையும் நிரந்தரமானது. காலைதோறும் பொட்டு ஈரமாக இருந்தது. மகள் வைக்கிறாள் என்று அம்மாவும், அம்மா வைக்கிறார் என்று மகளும் நினைத்திருந்தார்கள்.

ஒருமுறை வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் நீர்வேலிக்குக் கலியாணத்துக்குப் போய், இரண்டு நாள் கழித்துத் திரும்பினார்கள். பொட்டு ஈரமாகவே இருந்தது.

“நீங்கள் வைக்கேல்லையே அம்மா?”

“முதல்நாள் வைச்சதோடை சரி பிள்ளை. நீயெண்டெல்லோ நினைச்சன்.”

“அப்ப கழட்டிவிடட்டோ?”

“ஏன்? நல்லாத்தானே வேலை செய்யுது.”

படுக்கப் போகுமுன் அம்மா கதிரையை ரூட்டருக்குக் கீழே இழுத்து வைத்தார்.

“ஒவ்வொரு நாளும் எட்டி வைக்கிறது கஷ்டமெல்லே.”

இருவரும் நன்றாகத் தூங்கினார்கள். காலையில் பொட்டு ஈரமாக இருந்தது. கதிரை மேசையடிக்குத் திரும்பியிருந்தது. அதில் துணியால் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை.