கார்புரேட்டரின் கடைசி நிமிடம்

பழைய உதிரிபாகம் எதுவானாலும், அதன் கடைசி நிமிடத்தை ஒலிக்கவிட்டுக் கேட்காமல் காரில் பூட்டுவதில்லை என்பது அந்தக் கோவை ஒர்க்‌ஷாப்பின் வழக்கம். தான் கேட்டதையெல்லாம் உலோகமே திருப்பிச் சொல்லிவிடும்.

திலகமணி தன் கணவரின் ஸ்போர்ட்ஸ் காரை அங்கே புதுப்பித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கார் மோதித்தான் அவர் செத்துப்போனார். ஓட்டியவர் அவருடைய அண்ணன் சென்னியப்பன். ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டது என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறார்.

பழைய கம்பிச் சக்கரங்களை முதலில் கேட்டார்கள். சாலையின் இரைச்சல், பிறகு மோதல். திலகமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதையே பூட்டுங்க."

ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோலை விடும் பழைய கார்புரேட்டரை மெக்கானிக் ஜாபர் கையில் எடுத்தார்.

"அது வேண்டாமுங்க." சென்னியப்பன் அவசரமாக ஒரு புதுப் பெட்டியை நீட்டினார். "சிக்கிக்கிட்ட சனியன் அது. இதைப் போடுங்க."

"கேட்டுட்டு முடிவு பண்ணிக்கலாம் மாமா" என்றாள் திலகமணி.

"உனக்கெதுக்கும்மா அந்தக் கஷ்டம்?"

சென்னியப்பன் புதுப் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினார்.

ஜாபர் பழைய கார்புரேட்டரை ஒலிக்கவிடும் கருவியில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் அலறியது. அலறல் ஏறிக்கொண்டே போய், சட்டென்று தணிந்து, ஒரு கணம் அமைதியாக ஓடியது. உடனே முன்னைவிடப் பெரிதாக அலறியது. பிறகு மோதல்.

சிக்கிய ஆக்சிலேட்டர் இப்படி இறங்கி ஏறாது. ஜாபர் தலை குனிந்துகொண்டார்.

திலகமணி சென்னியப்பனிடம் திரும்பினாள்.

"ஒருதரம் காலை எடுத்திருக்கீங்க. அப்புறம் ஏன் மாமா மறுபடியும் மிதிச்சீங்க?"